நடுக்கோடு

எங்கள் தாத்தாவின் நோட்டு ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. பெரிய கணக்கு நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் அடிக்கோல் வைத்து நட்டநடுவில் ஒரு கோடு கிழித்திருப்பார். கோட்டுக்கு இந்தப் பக்கம் ‘போட்டால்’, அந்தப் பக்கம் ‘போடாவிட்டால்’. 1962 ஆகஸ்டில் ஆரம்பித்து 1963 பிப்ரவரி வரைக்கும் 71 பக்கங்கள் இப்படியே போகின்றன.

போடுவது என்றால் கையெழுத்துப் போடுவது. புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1954 அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர வேண்டும் என்றவர்கள் 170 பேர், வேண்டாம் என்றவர்கள் 8 பேர். நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே 28இல்தான். அதைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஏற்று, சட்டப்படி ஊர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது 1962 ஆகஸ்டு 16இல். நடுவில் கிட்டத்தட்ட எட்டு வருஷம் இந்த ஊர் நடைமுறையில் ஒரு நாட்டிலும் காகிதத்தில் இன்னொரு நாட்டிலும் இருந்தது. அந்த ஒப்பந்தத்தில் ஒரு விதி. இங்கே பிறந்து இங்கேயே வாழ்கிற பிரெஞ்சுக் குடிமக்கள் அன்றோடு இந்தியக் குடிமக்கள் ஆகிவிடுவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். 18 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கும் பெற்றோர் எடுப்பதுதான் முடிவு.

தாத்தா அப்போது மேரியில் கிளார்க். கடற்கரைச் சாலையில் இருக்கும் நகராட்சிக் கட்டடத்தை நாங்கள் இன்றைக்கும் மேரி என்றுதான் சொல்வோம். என் அப்பாவுக்கு வயது பதினாறு. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் பாரத்தை வாங்கி வந்து பீரோவில் வைத்துவிட்டு, தினமும் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் தாத்தா நோட்டைத் திறப்பாராம். ஆயா விளக்கைத் தூண்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

நான் கணக்கு டீச்சர். அந்த 71 பக்கங்களையும் பல தடவை படித்திருக்கிறேன். மனிதர் ஒன்றையும் விடவில்லை. ‘போட்டால்: பையனைப் பட்டாளத்துக்குக் கூப்பிடுவார்கள்’ என்று ஒரு வரி. அந்த பயத்துக்குக் காரணம் இருந்தது. அல்ஜீரியாவில் சண்டை ஓய்ந்ததே அந்த வருஷம்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இந்தோசீனாவுக்குப் போய் வந்த சொல்தாக்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள், திரும்பி வராதவர்களின் விதவைகளும் இருந்தார்கள். ‘போடாவிட்டால்: அண்ணன் தம்பி ஒரே ஊரில் இருக்கலாம்’ என்று எதிர்ப்பக்கம். அக்டோபர் 20 வருகிறது, சீனா எல்லையில் போர் மூள்கிறது. உடனே ‘போடாவிட்டால்’ பக்கம் முழுக்க அரிசி விலை, குண்டு, இருட்டடிப்பு. ஒரு மாதத்தில் அந்தப் போர் நின்றுவிட்டது. நோட்டில் மட்டும் அது டிசம்பர் முடிய நடந்துகொண்டிருக்கிறது. கோட்டுக்கு இரண்டு பக்கமும் சந்தேகமே இல்லாமல் அவர் எழுதியது ஒரே ஒரு வரிதான்: ‘மேரி இருக்கும்.’

பிப்ரவரி நடுவில் தவணை முடிந்தது. அவர் பாரத்தைக் கொடுக்கவில்லை. வேண்டாம் என்று முடிவெடுத்துக் கொடுக்காமல் இருக்கவில்லை. யோசித்து முடியவில்லை, அவ்வளவுதான். பிப்ரவரி 16ஆம் தேதிக்கு அடுத்த பக்கத்தில் நடுக்கோடு கிடையாது. பால் கணக்கு ஆரம்பிக்கிறது.

அவருடைய தம்பி போட்டார். ஆயா அதைச் சொல்லும்போது குரலில் கோபமா ஆச்சரியமா என்று எனக்குப் பிடிபட்டதே இல்லை. “சோறு துன்னான், கைய கழுவுனான், போயி போட்டுட்டு வந்துட்டான்.” சில வருஷத்தில் அந்தக் குடும்பம் பாரீஸ் பக்கம் போய்விட்டது.

நான் பிறந்தது 1971. எங்கள் வீட்டில் நான் கற்றுக்கொண்ட முதல் சொற்களில் ஒன்று ‘இருந்தா’. போட்டிருந்தா இந்நேரம் பென்ஷன் ஃப்ராங்கில் வரும். போட்டிருந்தா பெரியவன் பிரெஞ்சுப் பள்ளியான லிசேயில் படித்திருப்பான். போட்டிருந்தா அத்தைக்கு நல்ல இடம் அமைந்திருக்கும். வீட்டில் ஓட்டை விழுந்த குடையிலிருந்து உடைந்த உறவு வரைக்கும் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு கையெழுத்தின் மேல் பழி. தாத்தா பதில் சொல்ல மாட்டார். சில சமயம் மற்றவர்களுக்கு முன்னால் அவரே ஆரம்பிப்பார்: “அன்னைக்கு போட்டிருந்தா...” அதற்கு மேல் வாக்கியம் போகாது.

சின்னத் தாத்தா 1984 டிசம்பரில் ஒரு தடவை வந்தார். எனக்கு பதிமூன்று வயது. மாலையில் அண்ணனும் தம்பியும் கடற்கரைக்குப் போவார்கள், என்னையும் கூட்டிக்கொண்டு. அப்போது காந்தி சிலைக்குப் பக்கத்தில் கீழே இறங்கினால் மணல் இருந்தது. இரண்டு பேரும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மணலில் உட்காருவார்கள். ஒரு நாள் சின்னத் தாத்தா கடலைப் பார்த்துக்கொண்டே, “போடாம இருந்திருந்தா அம்மா சாவுக்கு இங்க இருந்திருப்பேண்ணா” என்றார். தாத்தா அவர் முதுகில் கையை வைத்தார். பேசவில்லை. நான் மணலில் குழி தோண்டிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சொல் இரண்டு வீட்டிலும் புழங்கியிருக்கிறது என்பது எனக்கு உறைக்க இன்னும் நாற்பது வருஷம் ஆயிற்று.

எங்கள் வீட்டில் கவலை என்பது பொறுப்புக்கு இன்னொரு பெயர். கவலைப்படாதவன் ஊதாரி, கவலைப்படாதவள் குடும்பத்துக்கு ஆகாதவள் என்றே வளர்த்தார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். மகள் பள்ளிக்கூட வேன் பத்து நிமிஷம் தாமதமானால் பத்து விதமாக யோசித்துவிடுவேன். ஒரு பயணம் என்றால் ஒரு வாரம் முன்பிருந்தே தூக்கம் போய்விடும். ராத்திரி இரண்டரை மணிக்கு விழிப்பு வரும். வயிற்றில் ஏதோ இறுகும். அன்றைக்குத் தலைமையாசிரியரிடம் நான் சொன்ன ஒரு வாக்கியத்தை எடுத்து, அதை அவர் எப்படிப் புரிந்துகொண்டிருப்பார், அப்படிப் புரிந்துகொண்டிருந்தால் என்ன செய்வார், அவர் அப்படிச் செய்தால் நான் என்ன சொல்ல வேண்டும் என்று விடியும்வரை போகும். அரைத்த மாவையே அரைப்பது என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். அரைக்கும்போது கை வலிக்கிறது, அதனால் வேலை நடப்பதுபோல இருக்கிறது. மாவு ஏற்கெனவே அரைந்துவிட்டது.

யோசிக்கிற பழக்கத்தை நான் குறை சொல்ல வரவில்லை. 2004 சுனாமி அன்று நல்லவாடு கிராமத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். அங்கே செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போன் செய்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தார்கள். ஊரே ஓடித் தப்பித்தது. அங்கே ஒரு செய்தி வந்தது, ஒரு வேலை நடந்தது, உயிர்கள் பிழைத்தன. நான் செய்துகொண்டிருந்தது அது அல்ல. என்னிடம் செய்தியும் இல்லை, செய்வதற்கு வேலையும் இல்லை. இருந்தும் ராத்திரி முழுக்க ஒலிபெருக்கி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அதே சுனாமியில் புதுச்சேரி நகரம் தப்பியது, கடற்கரைச் சாலையை ஒட்டிக் குவித்திருந்த கருங்கற்களால். அந்தக் கற்களைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. எண்பதுகளின் கடைசியில் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த மணல் அங்கேயே நின்றுவிட்டது. தாத்தாக்கள் உட்கார்ந்த மணலைக் கடல் கொண்டுபோயிற்று. கல்தான் மிச்சம். என் மகள் வளர்ந்தபோது புதுச்சேரிக் கடற்கரை என்றால் அவளுக்குக் கருங்கல்தான். பிறகு தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தார் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கு அடியில் செயற்கைத் திட்டு அமைத்தார்கள். மணல் திரும்பி வந்தது. போன மணல் வரும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. இத்தனைக்கும் எது எப்படி ஆகும் என்று நினைப்பதே என் முழுநேர வேலையாக இருந்தது.

2011 டிசம்பர் 30 தானே புயலையும் எங்கள் வீட்டில் யாரும் அவ்வளவாக எதிர்பார்க்கவில்லை. விடிந்தபோது நகரத்தின் பாதி மரங்கள் தெருவில் கிடந்தன. பல நாள் கரண்ட் இல்லை. அதற்குப் பிறகு நவம்பர், டிசம்பர் மாதங்களில் வானிலை அறிக்கை பார்ப்பது எனக்கு ஒரு நோயாகவே ஆகிவிட்டது. அறிக்கை போதாமல் செயற்கைக்கோள் படம், அது போதாமல் வெளிநாட்டு மாதிரிகளின் வரைபடம். கணக்கு படித்தவள் என்பதால் எண்கள் என்னைக் காப்பாற்றும் என்று ஒரு நம்பிக்கை.

2024 நவம்பர் கடைசி வாரம். அப்பாவுக்கு வயது 78, முந்தின வருஷம் வந்த பக்கவாதத்தில் வலது கால் பலமிழந்திருந்தது. என் கணவருக்குக் காரைக்காலில் வேலை. மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில். ரெயின்போ நகர் வீட்டில் கீழே அப்பாவும் நானும். மாடியில் ஒரு குடும்பம் குடியிருந்தது. அந்த அக்கா சாயங்காலம் தெருமுனையில் இட்லிக் கடை போடுவார், அவர் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார், ஒரு மகன். ரெயின்போ நகரும் பக்கத்தில் கிருஷ்ணா நகரும் தண்ணீர் தேங்குவதற்குப் பெயர்போன இடங்கள். ஆகவே நான் சும்மா இருக்கவில்லை.

27ஆம் தேதி புதன்கிழமை, ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புயலாக மாறும் என்றார்கள். ஃபெஞ்சல் என்று பெயரும் தயாராக இருந்தது. காலையிலேயே ஆட்டோக்கார அண்ணனையும் இன்னொருவரையும் கூப்பிட்டு, அப்பாவை நாற்காலியோடு தூக்கி மாடிக்குக் கொண்டுபோய் அக்கா வீட்டில் படுக்கவைத்தேன். அன்றைக்குப் புயலாகவில்லை. 28ஆம் தேதியும் ஆகவில்லை. கரையைக் கடக்கும்போதும் தாழ்வு மண்டலமாகவே கடக்கும் என்று அறிவிப்பு வந்தது. அப்பாவுக்கு மாடியில் கழிவறைக்குப் போக வசதிப்படவில்லை. வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். அதனால் வியாழக்கிழமை ராத்திரி மறுபடியும் கீழே இறக்கினோம். வெள்ளிக்கிழமை மதியம் அது புயலாகிவிட்டது என்றார்கள்.

வானிலைக்காரர்களைக் குறை சொல்லவில்லை. செயற்கைக்கோளும் ரேடாரும் வைத்துக்கொண்டு இரவு பகலாகப் பார்த்தவர்களுக்கே அந்தப் புயல் பிடிகொடுக்கவில்லை என்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் என்ன செய்தேன் என்பதுதான் விஷயம். பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்தேன். நடுவில் ஒரு கோடு போட்டேன். ‘மாடி’ என்று ஒரு பக்கம், ‘கீழே’ என்று ஒரு பக்கம். மாடி: தண்ணீர் பயமில்லை. மாடி: தகரக் கூரை போட்ட பக்கம் காற்றுக்குத் தாங்குமா. கீழே: கழிவறை வசதி. கீழே: தண்ணீர் வந்தால். மாடி: படியில் தூக்கும்போது விழுந்துவிட்டால். சனிக்கிழமை காலையிலும் எழுதினேன். மதியமும் எழுதினேன். அப்பா கட்டிலிலிருந்து, “என்னம்மா எழுதுற?” என்று கேட்டார். “ஒண்ணுமில்லப்பா, ஸ்கூல் வேலை” என்றேன். பொய் சொன்னேன். அந்த நேரத்தில்கூட அந்தக் கோடு எனக்கு யாரையும் நினைவுபடுத்தவில்லை.

சனிக்கிழமை சாயங்காலமே எங்கள் தெருவில் கரண்ட் போய்விட்டது. ராத்திரி பத்தரைக்கு மேல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. பதினொன்றரை வாக்கில் கடந்துவிட்டது என்று போனில் பார்த்தேன். உடம்பெல்லாம் தளர்ந்தது. கீழே என்ற முடிவு சரி என்று நினைத்துக்கொண்டேன். முடிவு என்று நான் எதையும் எடுக்கவே இல்லை, தாத்தாவைப் போலவே.

புயல் கரையைக் கடந்தால் உள்ளே போகும், போகப்போக வலுவிழக்கும். நாம் பார்த்தது அப்படித்தான். இது கடந்த இடத்திலேயே நின்றுவிட்டது. புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே மணிக்கணக்காக, மறுநாள் காலை வரை ஏறக்குறைய நகராமல் நின்றது. எந்த வரைபடத்திலும் நான் இதைப் பார்க்கவில்லை. என்னுடைய இரண்டு பத்தியிலும் இதற்கு இடம் இல்லை. மழை விடவே இல்லை. 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது என்று பிறகு தெரிந்தது. இந்த ஊருக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

ஒரு மணி இருக்கும். வாசலில் அடுக்கிய மண் மூட்டையைத் தாண்டித் தண்ணீர் வரும் என்று காவல் காத்துக்கொண்டிருந்தேன். அது கழிவறை வழியாக வந்தது. முதலில் குமிழி விடுகிற சத்தம். டார்ச் அடித்துப் பார்ப்பதற்குள் கூடத்தில் கணுக்கால் அளவு. போன் பேட்டரி அணைந்துவிட்டது. பவர் பேங்க் ஒன்று முழு சார்ஜில் எங்கோ பத்திரமாக வைத்திருந்தேன். பத்திரமாக வைத்த இடம் நினைவுக்கு வரவில்லை. தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, நான் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் அந்த நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எதற்காக எடுத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

படியில் ஆள் இறங்கும் சத்தம். இட்லிக்கடை அக்கா, பின்னால் அவர் வீட்டுக்காரர், பையன். கூடத்துக்குள் வந்த அக்கா என் கையைப் பார்த்தார்.

“டீச்சர், அத கீழ வைங்க. இந்தா, டார்ச்ச புடிங்க. படிய பாத்து அடிங்க.”

நான் டார்ச்சைப் பிடித்தேன். அவ்வளவுதான் என் வேலை. அந்த அண்ணனும் பையனும் அப்பாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் துணியால் கட்டித் தூக்கினார்கள். ஒவ்வொரு படியாக வெளிச்சத்தை நகர்த்திக்கொண்டு நான் முன்னால் ஏறினேன். “இந்தப் படி”, “இங்க ஈரம்”, “ஒரு படி இன்னும்” என்று என் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. விழுந்துவிட்டால் என்ற எண்ணம் வரவே இல்லை. பார்க்க வேண்டியது ஒரு படி, பிறகு அடுத்த படி. மொத்தம் பதினெட்டுப் படிகள். அந்த வீட்டில் பதினேழு வருஷம் இருந்திருக்கிறேன், அன்றைக்குத்தான் எண்ணினேன்.

மேலே அந்த ஒரு அறையில் ஒன்பது பேர் ஆனோம், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையோடு. தகரக் கூரை அடித்துக்கொண்டது. அப்பா, “மழை நிக்குமாம்மா?” என்று அக்காவிடம் கேட்டார். “நிக்கிறப்ப நிக்கும் ஐயா. கொஞ்சம் கஞ்சி குடிக்கிறீங்களா?” என்றார் அக்கா. அப்பா குடித்தார். கழிவறைக்குப் போக அந்தப் பையன் தோள் கொடுத்தான். இதற்காகத்தான் நான் இரண்டு நாள் எழுதிக்கொண்டிருந்தேன். அதற்கு ஒரு தோள் போதுமாக இருந்தது.

என்னிடம் போன் இல்லை. வரைபடம் இல்லை. கீழே எவ்வளவு தண்ணீர் என்று தெரியாது. கணவர் காரைக்காலில் எப்படி இருக்கிறார் என்று தெரியாது. எப்போது விடியும் என்றுகூடத் தெரியாது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன், தூங்கிவிட்டேன். பல மாதங்களுக்குப் பிறகு நடுவில் விழிக்காமல் தூங்கிய தூக்கம் அது. காலையில் எழுந்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. இவ்வளவு பெரிய ஆபத்தில் தூங்கிவிட்டோமே என்று நினைத்தேன். பிறகு, இத்தனை நாளும் தூங்காமல் இருந்து எந்த ஆபத்தைத் தடுத்தோம் என்று நினைத்தேன். மொட்டை மாடியில் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அந்த இரண்டாவது நினைப்பு வந்தது. அதை நான் இன்னும் விடவில்லை.

தெரு ஆறாக ஓடியது. சென்னையிலிருந்து ராணுவத்தினர் வந்து கிருஷ்ணா நகரில் படகு வைத்து ஆட்களை மீட்டார்கள். எங்கள் வீட்டுக் கூடத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் பிரிட்ஜ் மிதந்தது. வாஷிங் மெஷின், மெத்தைகள், புத்தக அலமாரியின் கீழ் இரண்டு தட்டுகள் போயின. ரேஷன் அட்டைக்கு 5,000 ரூபாய் அரசு கொடுத்தது. சேற்றைத் தள்ளிக் கழுவவே ஒரு வாரம் பிடித்தது.

என் நோட்டு கூழாகிவிட்டது. தாத்தாவின் நோட்டு பரண்மேல் இருந்ததால் நனையவில்லை. வீடு காய்ந்த பிறகு ஒரு மதியம் அதை இறக்கி, முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் படித்தேன். இந்தத் தடவை அவர் எழுதியதைப் படிக்காமல் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். 71 பக்கத்திலும் அது ஒரு நூல்கூட விலகாமல் நேராக இருக்கிறது. அவர் தப்பாக முடிவெடுத்தார் என்று எங்கள் வீடு அறுபது வருஷம் நம்பியது. எனக்கு இப்போது அப்படித் தோன்றவில்லை. எந்தப் பக்கம் போயிருந்தாலும் வாழ்ந்திருப்பார்கள். இரண்டு பக்கமும் போனவர்கள் வாழ்ந்தார்கள், இரண்டு பக்கமும் இழந்தார்கள். அவர் கேட்டது வேறு. இதுதான் சரி என்று யாராவது முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். அந்தச் சீட்டை யாரும் யாருக்கும் கொடுத்ததில்லை. சந்தேகமே இல்லாமல் ‘இருக்கும்’ என்று அவர் எழுதிய மேரி, 2014 நவம்பர் 29ஆம் தேதி மழையில் இடிந்து விழுந்தது. அதே உருவில் மறுபடியும் கட்டி 2021இல் திறந்தார்கள். இரண்டையும் பார்க்க அவர் இல்லை.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த ஆறு மாதமும் ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்தது பிள்ளைகளுக்காகத்தான். ஆனால் அந்த ஆறு மாதத்தில் அவர் கடற்கரைக்குப் போகவே இல்லை என்று ஆயா சொல்லியிருக்கிறாள். அதற்கு முன் தினமும் போகிறவர்.

நான் மாறிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். இரண்டரை மணி விழிப்பு இன்னும் வருகிறது. வந்தால் எழுந்து ஏதாவது கைவேலை செய்கிறேன். பருப்பு பொறுக்குவேன், துணி மடிப்பேன், பரீட்சைத் தாள் இருந்தால் திருத்துவேன். ஐம்பத்து மூன்று வயதில் பழக்கம் வேரோடு போய்விடாது. நோட்டும் போடுகிறேன். நடுக்கோடு மட்டும் இல்லை. ஒரே பத்தி: இன்றைக்கு நான் செய்ய வேண்டியது. அதில் ஒரு வேலையாக எழுத முடியாத எதுவும் அந்தப் பக்கத்துக்கு வராது. ‘புயல் வந்தால்’ என்று எழுத மாட்டேன். ‘மாத்திரைகளை மாடியில் வை’ என்று எழுதுவேன், வைத்ததும் அடித்துவிடுவேன்.

2025இல் அப்பாவின் நுரையீரலில் சின்னதாக ஒரு நிழல் தெரிகிறது என்றார்கள். பரிசோதனை செய்தார்கள். முடிவு வர ஒன்பது நாள். பழைய நானாக இருந்தால் அந்த ஒன்பது நாளில் அப்பாவைப் பல தடவை சாகவைத்திருப்பேன். இந்தத் தடவை போனில் எதையும் தேடவில்லை. அது சுலபமாக இல்லை. மூன்றாம் நாள் போனைக் கொண்டுபோய் அக்கா கையில் கொடுத்துவிட்டு, “ராத்திரிக்கு நீங்க வெச்சுக்குங்க” என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. வாங்கி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “நாளைக்கு உளுந்து ஊறப்போடணும், சாயந்திரம் வந்து கழுவிக் குடுங்க டீச்சர்” என்றார். போய்க் கழுவிக் கொடுத்தேன். அதற்கடுத்த நாளும் போனேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். அவரிடம் ‘யோசிக்காதே’ என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். எனக்கு ஐம்பது வருஷம் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். யோசிக்காமல் இருப்பது எப்படி என்பதையும் சேர்த்து யோசித்தேன். பக்கத்தில் உட்காருங்கள். கையில் ஒரு டார்ச்சைக் கொடுங்கள்.

ஒன்பதாம் நாள் வந்த முடிவு நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. இப்போதைக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை, சில மாதம் கழித்து மறுபடியும் படம் எடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அப்பா, “சரி” என்றார். நானும் சரி என்றேன். அடுத்த பரிசோதனை மார்ச்சில்.

அதுவரைக்கும் தினமும் சாயங்காலம் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறேன். ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விட மாட்டார்கள். தள்ளுவதற்குச் சௌகரியமாக இருக்கிறது.